நான்கு வாரம் தாண்டிய இருமல்

குழந்தையின் தீராத இருமலுக்கு மருந்துக் கடையில் சிரப் கிடைக்கும். காரணம் கிடைக்காது.

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிவந்த ஒரு மருந்துத் தொழிற்சாலை, 2025 அக்டோபர் முதல் வாரத்தில் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அங்கே தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள், சுமார் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்துபோனார்கள். போன உயிர்கள் இருபதுக்கும் மேல். பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டாத பிஞ்சுகள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவிகிதம்.

ஆலையின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார், கண்காணிப்பில் விழுந்த ஓட்டைகளைப் பற்றி ஊரே பேசியது. அந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் அமுங்கிப்போனது. அந்தக் குழந்தைகளை டாக்டரிடம் அழைத்துப்போனபோது அவர்களுக்கு இருந்தது சளி, காய்ச்சல், இருமல். எந்த சிரப்பும் இல்லாமலேயே பெரும்பாலும் தானாக விலகிவிடக்கூடிய தொல்லை.

நம் வீடுகளில் நடப்பதும் இதன் ஒரு துண்டுதான். தானே போகிற இருமலுக்கும் சிரப் ஊற்றுகிறோம். காரணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டிய இருமலுக்கும் அதே சிரப்பைத்தான் ஊற்றுகிறோம். முதல் வகைக்கு அது தேவையில்லை. இரண்டாவது வகைக்கு அது போதாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். எத்தனை நாள், என்ன சத்தம், எந்த நேரம் என்ற மூன்று கேள்விகளுக்கு வீட்டில் இருப்பவர்கள் சரியாகப் பதில் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் கேள்வி: எத்தனை நாள்?

சளி பிடித்த குழந்தைக்கு மூன்று நான்கு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். ஒரு வாரத்தில் மூக்கொழுகல் அடங்கும். இருமல் மட்டும் போகாது. "ஒரு வாரமா மருந்து கொடுத்தும் கேக்கலை" என்று பெற்றோர் டாக்டரை மாற்றுவது இந்தக் கட்டத்தில்தான். புது டாக்டர் புது மருந்து எழுதுவார். பத்துப் பதினைந்து நாளில் இருமல் தானாகக் குறையும். கைராசி டாக்டர் என்ற பெயர் அவருக்குப் போய்ச் சேரும்.

உண்மையில் வைரஸ் சளியோடு வரும் இருமல், ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளைத் தாண்டியும் இருக்கும். பத்தில் ஒரு குழந்தைக்கு இருபத்தைந்து நாள் கழித்தும் விடாது. வைரஸ் எப்போதோ போயிருக்கும். அது போட்ட காயம் ஆறியிருக்காது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நாற்றங்கால் போல நெருக்கமாக நுண்மயிர்கள் நின்று அசைந்துகொண்டே இருக்கின்றன. தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. வைரஸ் தாக்கினால் இவை இடம் இடமாக உதிர்ந்துவிடும். மீண்டும் முளைத்து ஒழுங்காக அசைய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த வேலையையும் இருமலே சேர்த்துப் பார்க்கிறது. அடியில் இருக்கும் நரம்பு நுனிகளும் கூச்சத்தோடு இருப்பதால் குளிர்ந்த காற்று, சிரிப்பு, ஓட்டம் எது பட்டாலும் இருமல் கிளம்பும்.

பள்ளிக்குப் போகத் தொடங்கிய சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் இருமல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். "ஜூன்ல ஸ்கூல் திறந்ததுல இருந்து இருமிக்கிட்டேதான் இருக்கான்" என்று அம்மாக்கள் சொல்வதில் மிகையில்லை. ஆனால் டாக்டர் கேட்பது வேறு: "நடுவுல நாலு நாளாவது சுத்தமா இருமல் இல்லாம இருந்தானா?" இருந்தான் என்றால் அது ஒரே இருமல் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வந்த தனித்தனிச் சளிகள். ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் நான்கு வாரம் ஓடிவிட்டது என்றால், அதைத்தான் நாள்பட்ட இருமல் என்று அமெரிக்க, ஆஸ்திரேலிய மருத்துவ வழிகாட்டுதல்கள் வரையறுக்கின்றன. அதற்குமேல் தானாகப் போகட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, பெயர் தெரியாத சிரப்பை மாற்றி மாற்றிக் கொடுக்கவும் கூடாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. இருமலோடு காய்ச்சலும் விட்டுவிட்டு வருகிறது, எடை குறைகிறது அல்லது ஏறவே இல்லை என்றால், நம் நாட்டில் இரண்டு வாரத்திலேயே காசநோயைப் பற்றி யோசித்தாக வேண்டும். அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டாம் கேள்வி: என்ன சத்தம்?

இருமும்போது குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உள்ளே கரகரவென்று ஏதோ நகர்வது கையிலேயே தெரிந்தால் அது சளி இருமல். எதுவும் தெரியாமல் தொண்டையிலிருந்து வெறுமனே வெடித்தால் வறட்டு இருமல். குழந்தை சளியைத் துப்பவில்லையே என்று பார்க்க வேண்டாம். ஐந்தாறு வயது வரை குழந்தைகளுக்குக் காறித் துப்பத் தெரியாது. மேலே வந்த சளியை அப்படியே விழுங்கிவிடுவார்கள், அல்லது இருமி இருமி வாந்தியாக எடுப்பார்கள்.

சளியின் நிறத்தை வைத்துப் பயப்படும் பழக்கமும் நம்மிடம் உண்டு. மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. அந்தப் பச்சை, நோயை எதிர்த்து வந்த வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் அது வரும். நிறத்தைவிட நாள்தான் முக்கியம்.

சளி இருமல் நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது, மற்றபடி குழந்தை ஆடிப் பாடி நன்றாக இருக்கிறது, வளர்ச்சியிலும் குறையில்லை. இப்படி ஒரு கூட்டம் குழந்தைகள் உண்டு. பல ஆண்டுகள் இவர்களுக்கு ஆஸ்துமா என்று பெயர் சூட்டி இன்ஹேலர் கொடுத்து வந்தார்கள், பலன் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஆன் சாங் என்ற குழந்தை நுரையீரல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், நாள்பட்ட இருமலோடு வந்த குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டுச் சளியை எடுத்துப் பரிசோதித்தார்கள். 2006ல் வெளியான அந்த ஆய்வில் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு இருந்தது, மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கிப்போனதால் வந்த அழற்சி. இரண்டு வாரம் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்ததும் இருமல் முழுமையாக நின்றது.

சாதாரணச் சளிக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கும் நாம், உண்மையிலேயே அது தேவைப்படும் இந்த இருமலுக்கும் அதே மூன்று நாள் கோர்ஸைக் கொடுத்து, குறைந்ததும் நிறுத்திவிடுகிறோம். பாக்டீரியா முழுதாக அழியாமல் மீண்டும் தலைதூக்கும். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து சேதமாகும் ஆபத்தும் இருக்கிறது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் குழந்தையின் நெஞ்சைக் கேட்ட டாக்டர். மருந்துக் கடைக்காரர் அல்ல, பழைய சீட்டும் அல்ல.

மூன்றாம் கேள்வி: எந்த நேரம்?

பகலெல்லாம் சும்மா இருக்கும் குழந்தை, நள்ளிரவுக்கு மேல் எழுந்து உட்கார்ந்து வறட்டு இருமல் இருமுகிறது. ஓடினால், சிரித்தால், அழுதால், ஃபேன் காற்று நேராகப் பட்டால் இருமல் கூடுகிறது. மூச்சு விடும்போது நெஞ்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது. வீட்டில் யாருக்காவது இழுப்பு, தும்மல், தோல் அரிப்பு இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்தால் டாக்டரின் மனதில் முதலில் வருவது ஆஸ்துமா. நம் ஊர் வழக்கில் 'வீசிங்'.

இன்ஹேலர் என்றதும் பெற்றோர் முகம் மாறும். "அது பழகிடும்னு சொல்றாங்களே", "சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு பவர் வேணுமா, சிரப்பே குடுங்க" என்பார்கள். கணக்கு நேர்மாறானது. சால்புட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் என்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிரப் 5 மில்லியில் பொதுவாக 2 மில்லிகிராம் இருக்கும். அதாவது 2,000 மைக்ரோகிராம். வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வரும் சிரப்பால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஸ்பேசர் குழாயும் முகமூடியும் வைத்துக் கொடுக்கும் பஃப் கைக்குழந்தைக்குக்கூடப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேராகப் போகும்.

அதற்காக இரவு இருமல் எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது. விசில் சத்தமே இல்லாமல் வெறும் இருமல் மட்டும் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா இருப்பதில்லை. சந்தேகம் இருந்தால் சில வாரங்களுக்குத் தினமும் எடுக்கும் இன்ஹேலரைக் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்பதே முறை. ஆறு வயதைத் தாண்டிய குழந்தையை ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கலாம். வீட்டுக்கு ஒரு நெபுலைசர் வாங்கி வைத்து, இருமும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மருந்தைப் போடுவது சிகிச்சையில் சேராது.

இதற்கு நேர் எதிரான நேரக் கணக்கு ஒன்று உண்டு. பள்ளிக்குப் போகும் வயதுக் குழந்தை. பகலில் நிமிடத்துக்கு ஒருமுறை பலமான, ஒரே மாதிரியான வறட்டு இருமல். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. தூங்கியதும் ஒன்றுகூட இல்லை. சளியோடு தொடங்கி, சளி போனபின் பழக்கமாகத் தங்கிவிட்ட இருமல் இது. குழந்தை வேண்டுமென்று நடிக்கவில்லை. அதட்டினால் கூடும். மருந்தை ஏற்றிக்கொண்டே போகாமல், பேச்சாலும் மூச்சுப் பயிற்சியாலும் நிறுத்தப் பழக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடலை போன பாதை

இரண்டு வயதுப் பையன் வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். யாரோ சிரிப்புக் காட்ட, திடீரென்று புரையேறுகிறது. முகம் சிவக்க இருமுகிறான். தலையில் தட்டுகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. "நல்லவேளை, இறங்கிடுச்சு" என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இறங்கியது உண்மைதான். வயிற்றுக்கா, நுரையீரலுக்கா என்பதுதான் கேள்வி. மூச்சுக்குழாயின் கிளைக்குள் போன கடலை சில நாள் எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கும். பிறகு ஈரத்தில் ஊறிப் பருத்து, அதன் எண்ணெய் சுவரை அரித்து, சீழ் வைக்கத் தொடங்கும். இருமல் வரும், காய்ச்சல் வரும், நிமோனியா என்று மருந்து கொடுத்தால் குறைந்து மீண்டும் வரும், அதுவும் அதே பக்கத்தில். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது; எலும்பும் உலோகமும் தெரிவதுபோல் பருப்பும் விதையும் அதில் பதிவாகாது. படம் நார்மல் என்று வந்தாலும் கதை ஒத்துப்போனால், மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர்கள் பின்பற்றும் விதி. வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பேனா மூடி, பொம்மைக்குள் இருக்கும் சின்ன எல்இடி பல்பு என்று இப்படி வெளியே வந்தவற்றின் பட்டியல் நீளம்.

இருமல் திடீரென்று ஒரு குறிப்பிட்ட நாளில், சளியே இல்லாமல் தொடங்கியிருந்தால், அன்று என்ன சாப்பிட்டான், என்ன வைத்து விளையாடினான் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஐந்து வயது வரை முழுக் கடலையும் பட்டாணியும் வேண்டாம். பொடித்துக் கொடுக்கலாம்.

கக்குவான் ஒழியவில்லை

மூச்சு விட இடம் கொடுக்காமல் அடுக்கடுக்காக இருமி, கடைசியில் 'ஊ...ப்' என்ற இழுப்போடு மூச்சை உள்ளே வாங்கி, வாந்தி எடுத்து, முகம் நீலம் பாரித்துச் சோர்ந்து விழுவது கக்குவான் இருமல். இதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டியதாக ஜூல் போர்டேவும் ஆக்டேவ் ஷாங்கூவும் அறிவித்தது 1906ல். நல்ல தடுப்பூசிக்கு இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் ஊரில், சுகாதாரத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்த பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரண்டு பெண்கள், ஆய்வக வேலை முடிந்த பிறகு ஏழைக் குடும்பங்களின் வீடு வீடாகப் போனார்கள். இருமும் குழந்தையின் வாய்க்கு நேரே ரத்தம் கலந்த கூழ் பூசிய கண்ணாடித் தட்டைப் பிடித்து, இருமச் சொல்லி, அதில் விழும் துளிகளிலிருந்து கிருமியை வளர்த்தெடுத்தார்கள். அந்தத் தட்டுகளிலிருந்து பிறந்த தடுப்பூசி பிற்பாடு தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஊசிகளோடு சேர்ந்து முத்தடுப்பு ஊசியானது.

நம் ஊரில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் இதுவும் இருக்கிறது. ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் பூஸ்டர் உண்டு. கைக்குழந்தை ஊசிகளைத் தவறாமல் போடும் வீடுகளிலும் பள்ளிக்கூடப் பரபரப்பில் நழுவிப்போவது அந்த ஐந்து வயது ஊசிதான். தடுப்பூசியின் பலம் ஆண்டுகள் போகப்போகக் குறையும் என்பதால் பெரியவர்களுக்கும் கக்குவான் வரும். அவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீடிக்கும் வெறும் இருமல். அவர்கள் கையில் இருக்கும் இரண்டு மாதச் சிசுவுக்கு அது உயிராபத்து. அந்த வயதில் 'ஊப்' சத்தம்கூட வராது. இருமலுக்குப் பதிலாக மூச்சே சில விநாடி நின்றுபோகும்.

'பிரைமரி காம்ப்ளெக்ஸ்'

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாத அம்மா அபூர்வம். குழந்தைகளுக்கு வரும் தொடக்க நிலைக் காசநோய்க்கு டாக்டர்கள் வைத்த பெயர். 'டிபி' என்று சொன்னால் பெற்றோர் உடைந்துவிடுவார்கள் என்பதால் இந்தச் சொல்லே நிலைத்துவிட்டது. அதனால் ஒரு குழப்பமும் சேர்ந்தது. சரியாகச் சாப்பிடாத, ஒல்லியான குழந்தைகளுக்கெல்லாம் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று ஆறு மாத மருந்து கொடுத்த காலமும் இருந்தது. இன்னொரு பக்கம், உண்மையில் காசநோய் இருந்த குழந்தைகள் சிரப்பும் ஆன்டிபயாடிக்குமாக மாதங்களைக் கடத்தினார்கள். இரண்டும் தவறு.

உலகின் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்த வரலாறு. இவை இருந்தால் பரிசோதனை கட்டாயம். மார்பு எக்ஸ்ரே, கையில் போடும் மாண்டூ ஊசி, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை. குழந்தை சளியைத் துப்பாது என்பதால் அதிகாலை வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரவெல்லாம் விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுப்பார்கள்.

குழந்தைக்குக் காசநோய் என்றால் பெரும்பாலும் அது பள்ளியில் இன்னொரு குழந்தையிடமிருந்து வந்ததல்ல. வீட்டிலோ பக்கத்திலோ இருமிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. பேரனின் இருமலுக்கு விடை, 'சிகரெட் இருமல்' என்று ஆறு மாதமாகத் தட்டிக் கழிக்கும் தாத்தாவின் நெஞ்சில் இருக்கலாம். ஒரு குழந்தைக்கு உறுதியானால் வீட்டில் எல்லோரையும் பரிசோதிப்பதும், வீட்டுப் பெரியவருக்கு உறுதியானால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து கொடுப்பதும் அரசுத் திட்டத்தில் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. மருந்தை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டுக் குணமாகலாம், சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை என்று உலகத்துக்கு நிரூபித்த ஆய்வு நடந்தது சென்னையில். 1956ல் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம் 1959ல் அதன் முடிவை வெளியிட்டது. சேத்துப்பட்டில் அது இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் புகை

எந்தப் பரிசோதனையிலும் சிக்காத இருமல்கள் சில, படுக்கையறையிலேயே இருக்கின்றன. மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003ல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. வெள்ளி, செவ்வாய் சாம்பிராணி, தலைக்கு ஊற்றிய கைக்குழந்தையைக் கூடைப் புகையில் காட்டும் வழக்கம், அப்பாவின் பால்கனி சிகரெட், விறகடுப்பு. நான்கு வாரமாக இருமும் குழந்தை இருக்கும் வீட்டில் இவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் மருந்தைப் பற்றியே பேச வேண்டும். கொசுவுக்கு வலை கட்டலாம்.

உணவைப் பழி சொல்வதில் நமக்கு ஈடு கிடையாது. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு, பால் எல்லாம் 'குளிர்ச்சி' என்று நிறுத்தப்படும். இவை இருமலை உண்டாக்குகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. நோயில் ஏற்கெனவே பசி குறைந்த குழந்தையிடமிருந்து பழத்தையும் தயிரையும் பறித்தால் எடைதான் குறையும்.

பாட்டி வைத்தியத்தில் எதை எடுக்கலாம்?

துளசி, கற்பூரவல்லிச் சாறு கொஞ்சம், பனங்கற்கண்டும் மஞ்சளும் போட்ட பால், வெதுவெதுப்பான தண்ணீர். இவை தொண்டைக்கு இதம், ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கெடுதல் இல்லை. நம் வேலியோர ஆடாதொடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் 1960களில் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது. அதன் வழிவந்த ஆம்ப்ராக்சால் இன்று பல சிரப்களில் இருக்கிறது. ஆனால் ஆடாதொடை இலைச் சாற்றில் மருந்தின் அளவு தெரியாது என்பதால் சித்த மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

தேனுக்கு ஆய்வுகளின் ஆதரவே உண்டு. படுக்கப்போகும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன், இரவு இருமலைக் குறைக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள், சிசுவின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

விட்டே ஆக வேண்டியவையும் உண்டு. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதிச் சளி எடுப்பதும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒரு தனி வகை நிமோனியாவையே உண்டாக்கும்; ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாய்க்குப் போனால் சிறிதளவே வலிப்பை வரவழைக்கும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைத்து, அது கவிழ்ந்து தீக்காய வார்டுக்கு வரும் குழந்தைகளும் உண்டு.

சிரப் என்னும் சமாதானம்

இருமல், சளி சிரப்கள் குழந்தைகளின் இருமல் நாட்களைக் குறைப்பதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. குழந்தை தூங்குகிறதே என்றால், அதில் இருக்கும் அலர்ஜி மருந்தின் மயக்கம் அது. குளோர்பெனிரமின், ஃபீனைலெஃப்ரின் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. கோல்ட்ரிஃப்பில் இருந்ததும் இந்த இரண்டும்தான், கூடவே பாராசிட்டமால். இறப்புகளுக்குப் பிறகு 2025 அக்டோபர் 3ல் வந்த மத்தியச் சுகாதாரச் சேவைகள் இயக்ககத்தின் அறிவுரை இன்னும் கறார்: இரண்டு வயதுக்குக் கீழ் எந்த இருமல், சளி மருந்தும் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை.

டைஎத்திலீன் கிளைக்கால் சிரப்புக்குள் எப்படி வருகிறது? மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகியவை போலவே அதுவும் நிறமற்றது, கெட்டியானது, இனிப்பானது. மலிவான தொழிற்சாலைச் சரக்கு மருந்துத் தரச் சரக்கின் இடத்துக்கு வந்துவிட்டாலும், வாங்கிய டிரம்மைப் பரிசோதிக்காவிட்டால் தெரியாது. 1937ல் அமெரிக்காவில் இதே ரசாயனம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. 1986ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர், 1998ல் குருகிராமில் 33 குழந்தைகள், 2022ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள். ஒவ்வொரு முறையும் அதே டிரம், அதே அலட்சியம். அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். தேவையில்லாத பாட்டிலை வாங்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே மருத்துவமனை.

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, பால் குடிக்கவோ பேசவோ முடியாமல் திணறுவது, புரையேறிய உடனே தொடங்கிய இருமல், சளியில் ரத்தம் ஆகியவற்றுக்கும் அவசரம்தான்.

ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் இருமல், பிறந்த சில வாரத்திலேயே தொடங்கிய இருமல், எடை ஏறாமை, திரும்பத் திரும்ப நிமோனியா, விரல் நுனி தடித்து நகம் வளைவது. இவை இருந்தால் நான்கு வாரம் எண்ணிக்கொண்டிருக்காமல் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது

"இருமல் நிக்கணும் டாக்டர், ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் ஏதாவது கிடைக்கும். "ஏன் இருமுறான்னு பார்க்கணும் டாக்டர்" என்று கேட்டுப் பாருங்கள். இரவு இருமலை மொபைலில் ஒரு நிமிடம் பதிவு செய்து கொண்டுபோங்கள். ஓ.பி.யில் குழந்தை ஒருமுறைகூட இருமாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வீடியோதான் சாட்சி. தடுப்பூசி அட்டை, எடைக் குறிப்பு, இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள், வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள் என்ற தகவல் எல்லாம் கையில் இருக்கட்டும். நல்ல டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எந்த மருந்தும் எழுதாமல் "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றும் சொல்லலாம். அதுவும் வைத்தியம்தான், கோபித்துக்கொண்டு வேறு கிளினிக்குக்குப் போக வேண்டாம்.

இருமல் தொடங்கிய தேதியைக் குறித்துவைக்கும் பெற்றோரில் பலரும் அது நின்ற தேதியை எழுதுவதில்லை. குறைந்திருக்கிறது என்பதும் நின்றுவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஆன்டிபயாடிக்குக்கு நின்ற சளி இருமல் ஒரே ஆண்டில் மூன்று முறைக்கு மேல் திரும்பினால், நுரையீரலை ஆழமாகச் சோதிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட டாக்டருக்கு இரண்டு தேதிகளும் வேண்டும்.